வழிமொழிய ஒரு கை

பாப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். முழங்காலைத் தவிர நலம் என்று எழுதச் சொன்னாள் அம்மா, அப்படியே எழுதிவிட்டேன். நீயும் நலம் என்றுதான் போனில் சொன்னாய், ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமினாய், ஆகவே பாதிதான் நம்புகிறேன். தம்பி ஏ.சி. பழுதுபார்க்கும் பயிற்சியில் சேர்ந்து ஒரு மாதமாகிறது. படித்ததைச் சோதித்துப் பார்க்கக் கூடத்து மின்விசிறியைக் கழற்றி மாட்டினான், இப்போது அதைப் போட்டால் வீட்டுக்குள் ஹெலிகாப்டர் இறங்குகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் அம்மா அவன் கட்சிக்குப் போய்விடுவாள். பெரியப்பா இரண்டு முறை கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. அவரோடு எனக்கு என்ன சண்டை என்று உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்குப் பாதி மறந்துவிட்டது, ஆனாலும் எடுக்கவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அம்மா பிடுங்கிக்கொள்வாள். சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது, அதை யாரும் குறுக்கிடாமல் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். தவிர இதோடு ஒரு காகிதமும் வைத்து அனுப்பவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ அழவில்லை, அழுது முடித்த குரலில் பேசினாய். உங்கள் நகரத்தின் காலநிலை நிதிக் குழுவில் உன்னை இளைஞர் பிரதிநிதியாகப் போட்டபோது அந்த நியமனக் கடிதத்தைப் பாலிடெக்னிக்கில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டியவன் நான். பஸ் நிறுத்தங்களில் வெயிலுக்கு ஒதுங்க நிழலும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும் என்று நீ மூன்று மாதம் நிறுத்தம் நிறுத்தமாக நின்று, எத்தனை பேர் எவ்வளவு நேரம் காய்கிறார்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு போனாய். நீ வாசித்து முடித்ததும் தலைவர் வழிமொழிய யாராவது உண்டா என்று கேட்டார், சுற்றிப் பார்த்தார், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். உனக்கு ஓட்டு கிடையாது, ஓட்டு இருக்கிற ஒருவர் கை தூக்கினால்தான் உன் பேச்சு பேச்சாகும். "அவங்க எதிர்த்திருந்தாக்கூட பரவாயில்லப்பா, யாரும் ஒண்ணுமே சொல்லல" என்றாய். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அந்த அறையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் வாய் கிடையாதா, கை கிடையாதா, சோறுதானே தின்கிறார்கள் என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல், "போன வியாழக்கிழமை உங்க வாய் எங்க போயிருந்துச்சு?" என்றாள். உனக்கு அது கேட்டதோ என்னவோ, தம்பிக்குக் கேட்டது, மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து நின்றான். நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் சரியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை நடந்தது இதுதான். இங்கேயும் அப்படி ஒரு குழு இருக்கிறது, பாலிடெக்னிக் ஆசிரியன் என்ற முறையில் நான் அதில் தொழில்நுட்ப உறுப்பினர், ஓட்டு உண்டு. அந்த மேசையில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று உன்னிடம் அலட்டிக்கொள்வேனே, அதை இப்போதும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. காலநிலை நிதியை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் இளைஞர்களும் இருக்கவேண்டும் என்று விதி இருப்பதால் இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு மேசை, எங்கள் பெயர் எழுதிய பலகை. அவர்களுக்கு ஜன்னலோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, பலகையில் இளைஞர் ஒன்று, இளைஞர் இரண்டு. மைக்கின் ஒயர் அங்கே எட்டாது. படம் எடுக்கும்போது மட்டும் இரண்டு பேரையும் நடுவில் நிறுத்திவிடுவார்கள். இளைஞர் ஒன்று இப்போதெல்லாம் வருவதில்லை, நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். இளைஞர் இரண்டு சட்டம் படிக்கிற பெண். பல்லழகரின் மகள்.

பல்லழகர் யார் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, இந்த வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். வடிகால் துறையில் நானும் அவரும் ஒரே அறையில் வேலை பார்த்தபோது, நான் இரண்டு மழைக்காலம் முழங்கால் தண்ணீரில் நடந்து எழுதிய வெள்ள அறிக்கைக்கு அட்டை மட்டும் புதிதாகப் போட்டு, அதில் தன் பெயரையும் போட்டு, அதன்மேல் ஏறித் தலைமைப் பொறியாளர் ஆனவர். அதையும் சிரித்துக்கொண்டே செய்தார். பல்லழகர் என்பது அதற்காக அம்மா வைத்த பெயர். நான் வேலையை உதறிவிட்டு வந்து இருபத்தொரு வருடமாகிறது, இன்னும் அந்தச் சிரிப்பு என் தொண்டையில்தான் நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கும் அதே பல்வரிசை.

குழுவின் திட்டம் ஆற்றோரத்தில் ஒரு நடைபாதை, விளக்கு, பெஞ்சு. அந்தப் பெண் எழுந்து, மைக் இல்லாததால் சத்தமாக, நடைபாதையைப் பிறகு போடலாம், முதலில் தாழ்வான எட்டுத் தெருக்களிலிருந்தும் வெள்ளத்தை இறைத்து வெளியேற்றுகிற பம்ப் அறையை உயர்த்திக் கட்டவேண்டும் என்றாள். அவளும் கூட்டாளிகளும் வீடு வீடாகப் போய்ச் சுவரில் தண்ணீர் நின்ற கறையை அளந்து படம் போட்டு வைத்திருந்தார்கள். "பம்ப்தான் சார் முதல்ல மூழ்குது, அப்புறம் எதை வச்சு தண்ணிய எடுப்பீங்க?" என்றாள். இப்படி ஒரு மாணவன் என் வகுப்பில் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் நான் அவனுக்குக் காபி வாங்கிக் கொடுத்திருப்பேன். அதன்பிறகு அவள், இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை, எங்க அப்பா அந்தக் காலத்திலேயே எழுதின அறிக்கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பெருமையாகச் சிரித்தாள். தலைவர் வழிமொழிய யாராவது உண்டா என்றார். மற்றவர்களுக்கு அவள் சொன்னது புரியவில்லை, புரிந்தவன் நான் ஒருவன். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. வழிமொழிய ஆளில்லாத யோசனை எங்கள் கூட்டக் குறிப்பில்கூட ஏறாது, யாரும் எதுவும் பேசாத மாதிரிதான். அது என் யோசனை, பாப்பா. அவர் திருடினதுகூட அட்டையைத்தான், உள்ளே இருந்ததைப் புதைத்தது நான்.

கூட்டம் முடிந்து இறங்கும்போது படிக்கட்டில் என் பின்னாலேயே வந்தாள். "சார், நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டாள். எல்லாம் சரிதான் என்றேன். "சரின்னா ஏன் சார் யாருமே கை தூக்கல?" மழை வரப்போகிறது, நான் கிளம்பவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. வீட்டுக்கு வந்து, பல்லழகர் மகள் இன்றைக்கு மூக்குடைபட்டாள் என்று அம்மாவிடம் நல்ல செய்தி மாதிரி சொன்னேன், அவள் சிரிக்கவில்லை, கை கழுவிட்டு வாங்க என்றாள். ஞாயிற்றுக்கிழமை நீ பேசினதற்குப் பிறகு அந்தப் பெண் படிக்கட்டில் கேட்டது உன் குரலில்தான் கேட்கிறது. உன்னை அப்படி விட்டவர்களை ஆசைதீரத் திட்டலாம் என்றால் அதற்கும் எனக்கு வாயில்லாமல் போய்விட்டது.

இன்றைக்கு மூன்று மணிக்குக் கூட்டம். ஒரு யோசனையை இரண்டாம் தடவை கொண்டுவரலாம், மூன்றாம் தடவை கிடையாது, இன்று முடிவாகிற பட்டியல்தான் மேலே போகும். கொண்டுவருகிறேன் என்று அந்தப் பெண் எல்லா உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதியிருக்கிறாள், எனக்கு வந்த கடிதத்தில் நன்றி என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறது, எதற்கு என்று தெரியவில்லை. திங்கட்கிழமை அலமாரியின் மேல்தட்டிலிருந்து என் பழைய கையெழுத்துப் பிரதியை இறக்கினேன். கரையான் மிச்சம் வைத்தது ஒரே ஒரு தாள், பம்ப் அறையைப் பற்றிய தாள். அதன் ஓரத்தில் நீலப் பென்சிலில் ஏழு மீன்கள் நீந்துகின்றன. உனக்கு அப்போது ஐந்து வயது, அந்தப் பம்ப் அறைக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று நான் சொன்னதைக் கேட்டு நீ வரைந்தது. ஒரு மீனுக்கு மூக்குக் கண்ணாடி இருக்கிறது, அது நானாம். இதைப் பையில் எடுத்துக்கொண்டு போய், கை தூக்கி வழிமொழிந்துவிட்டு, அந்தப் பெண்ணின் முன்னால் போட்டு, இது யார் கையெழுத்து என்று உன் அப்பாவைக் கேள் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். சொல்லியும் பார்த்தேன், கண்ணாடி முன்னால். அம்மா கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, அந்தப் பொண்ணு முகம் எப்படி ஆகுதுன்னு பாத்துக்கிட்டே சொல்லுவீங்களா?" என்றாள். அந்த அட்டையை மாற்றியபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை. தவிர நான் வாயைத் திறந்தால் கூட்டம் முழுக்க என் கதையாகிவிடும், பம்ப் அறை மறுபடியும் தண்ணீருக்குள் போய்விடும்.

ஆகவே அந்தத் தாளைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி அது. பையில் இருந்தால் எடுத்துப் போட்டுவிடுவேன், என் கையை எனக்குத் தெரியும். தபாலாபீஸ் வழியாகத்தான் கூட்டத்துக்குப் போகிறேன், இதைப் போட்டுவிட்டு வெறும் கையோடு போனால் அந்தக் கையைத் தூக்குவதைத் தவிர வேறு வேலை இருக்காது. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே, பல்லழகரை நான் ஆயுசுக்கும் மன்னிக்கப் போவதில்லை, அது வேறு கணக்கு. நீயும் உன் யோசனையை இன்னொரு தடவை கொண்டுபோ. போவதற்கு முன்னால் அந்த மேசையில் யார் தூங்கிக்கொண்டிருந்தார், யார் தலை குனிந்திருந்தார் என்று யோசித்துப் பார். தூங்கினவரை விட்டுவிடு. குனிந்தவரைத் தனியாகப் பிடித்துப் பேசு, அவருக்குப் புரிந்திருக்கிறது. அனுபவத்தில் சொல்கிறேன்.

இருமலுக்கு டாக்டரைப் பார், நிறுத்தங்களில் நிற்கும்போது தொப்பி போடு, ஊருக்கெல்லாம் நிழல் கேட்கிறவள் வெயிலில் காயாதே. எங்கே பேசினாலும் உன் பேச்சுக்கு ஒரு கை கிடைக்கட்டும், நீ நன்றாக இருக்கவேண்டும். தாளை மடிக்காமல் வை, மீன்கள் மேல் மடிப்பு விழுந்துவிடும். எப்போதாவது எனக்குக் கோபம் வந்து, அதைத் திருப்பி அனுப்பு என்று போனில் கேட்பேன். கேட்டாலும் அனுப்பாதே. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடு.

என்றும் உன்,
கண்ணாடி போட்ட மீன்,
அப்பா