கால்வாயில் உட்கார்ந்த பிள்ளையார்

அப்பா, என் செல்ல அப்பா,

நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. செத்துப்போனவரைத் திட்டக் கடிதம் எழுதுகிற மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்ய? இந்த வேங்கிக்காலில் வேறு யாரைத் திட்டினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

ஏரிக்குப் போகும் கால்வாயில் குப்பை கொட்டுகிறார்கள் என்று கரையில் ஒரு பிள்ளையாரை வைத்தீர்களே, நினைவிருக்கிறதா? மறுநாளே குப்பை நின்றது. உங்களுக்குத்தான் எத்தனை பெருமை! நீங்கள் போனபின் தெருக்காரர்கள் அவருக்கு மேடை கட்டினார்கள். மேடைக்கு டைல்ஸ், மேலே தகரக் கொட்டகை, பக்கத்தில் நவக்கிரகம். இடம் போதாமல் கால்வாய்க்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். இப்போது தண்ணீர் போக மிச்சமிருப்பது ஒரு குடம் நுழையும் சந்து.

போன ஐப்பசியில், ஒரு வாரம் பெய்ய வேண்டிய மழை ஒரே பொழுதில் கொட்டியது. ஏரிக்குப் போகவேண்டிய தண்ணீர் நம் வீட்டுக்குள் வந்தது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவை மாடி வீட்டுத் தம்பதியும் நானும் கட்டிலோடு தூக்கி மாடியேற்றினோம்.  அம்மா என் கையை விடவே இல்லை.

மேடையை இடித்துப் பிள்ளையாரைத் தள்ளி வைக்கலாம் என்று தெருக் கூட்டத்தில் கேட்டேன். உங்கள் சிநேகிதர் சண்முகம் மாமா கையை விரித்தார். "கிளைமேட் சேஞ்சும்மா. உலகம் பூரா இப்படித்தான் ஆவுது. நம்ம கையில இன்னா இருக்கு?"

எனக்கு வந்த ஆத்திரம்! முன்பு தலையெழுத்து என்பார். இப்போது அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. பூமி சூடாவது பொய்யென்று நானா சொன்னேன்? மெய் என்பதால்தானே பயப்படுகிறேன்! மழை இன்னும் ஜாஸ்தியாகும் என்றால் தண்ணீருக்கு வழிவிட வேண்டாமா?

"அதெல்லாம் சரிம்மா, அப்பா வச்ச சாமிய பொண்ணே எடுக்கலாமா?" என்றார் அடுத்து. கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. நடு மேடையில் உட்காரவைக்கப் பிள்ளையாரைத் தூக்கியபோது இவர்கள் யாரைக் கேட்டார்கள்? உங்களை வைத்தே என் வாயை அடைக்கிறார்கள், அப்பா.

குருக்களிடம் போனேன். சிரித்தார். "பெரிய கோயில்லயே கும்பாபிஷேகம்னா பாலாலயம் பண்ணி சாமிய வேற இடத்துல வைக்கறோம். இவர் பத்தடி தள்ளிப் போனா கோச்சுக்கப் போறாரா?"

இதனால் எல்லாம் சரியாகிவிடுமா? தெரியாது. இந்த வருஷமும் தண்ணீர் உள்ளே வரலாம். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நிச்சயம் வரும்.

மேடையை இடிக்கச் சதுர்த்திக்கு முன்பே ஒரு நாள் குறித்தாகிவிட்டது. இதுவரை கடப்பாரை பிடிக்க ஒத்துக்கொண்டது மாடி வீட்டுத் தம்பதியும் நானும்தான். நீங்கள் கனவில் வருவதாக இருந்தால் என்னிடம் வந்து நேரத்தை வீணாக்காதீர்கள். நேரே சண்முகம் மாமா கனவுக்குப் போய், "நான் வச்சது கரையிலடா, கால்வாயில இல்ல" என்று ஒரு அதட்டு போடுங்கள். அதற்கும் அவர் மசியாவிட்டால் போகட்டும். இந்தச் சதுர்த்திக்குப் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை கரையில்தான். அம்மாமேல் சத்தியம்.

உங்கள் பிடிவாதம் அப்படியே ஒட்டிக்கொண்ட மகள்,
கற்பகம்