எந்த மார்க்கை நம்புவது?

ஜூன் 3, 2025, செவ்வாய்

ஒரே ஆங்கிலப் பத்தியை இரண்டு பயிற்சி ஆப்பிலும் வாசித்தேன். ஒன்று எழுபத்தெட்டு போட்டது. இன்னொன்று நாற்பத்தொன்பது. அதே வாய், அதே ஆள் — ஆங்கிலம் மட்டும் எப்படி மாறும்?

விசாவுக்கு ஆங்கிலத் தேர்வில் வேண்டியது அறுபத்தைந்து. கிடைத்தால் அடிலெய்டில் ஏஞ்சலின் பக்கத்தில் இருப்பேன். கல்யாணமான வருஷமே நர்ஸ் வேலைக்குப் போனவள். சேர்ந்திருந்ததைவிடப் பிரிந்திருந்ததுதான் அதிகம். கிடைக்காவிட்டால் கும்மிடிப்பூண்டியும் நானும்தான்.

ஜூன் 4

எழுபத்தெட்டு போட்ட ஆப்தான் நல்ல ஆப். அதிலேயே படிக்கப்போகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

பொன்னேரி மார்க்கெட்டில் இன்றும் இரண்டு பேருக்கு ஆகிற மீனை வாங்கிவிட்டேன். கை இன்னும் திருந்தவில்லை.

ஏஞ்சலின் கூப்பிட்டாள். எடுத்ததும் மார்க்கைச் சொன்னேன். "அது கெடக்கட்டும். நாஷ்டா துன்னியா?" என்றாள். நான் இரண்டாவது ஆப்பைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு டியூட்டி நேரம் வந்துவிட்டது. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன மனுஷன் நான்?

ஜூன் 12

குவாலிட்டி செக்‌ஷன் குணாவுக்கு ஆப்பில் நான் பேசிய பதிவைப் போட்டுக் காட்டினேன். கம்பெனி கேன்டீனே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

"இன்னா ஸ்டீவன், பிரஸ் ஷாப்ல பேசற மாதிரியே பேசிக்கினு கீற."

உண்மைதான். தகடு அடிக்கிற பிரஸ் இறங்குகிற சத்தத்தில் முதல் தடவை சொன்னது யாருக்கும் கேட்காது. அதனால் நாங்கள் எதையும் நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை சொல்வோம். ஆஃப் பண்ணு — ஆஃப் பண்ணு. ஆங்கிலத்திலும் அப்படியே வருகிறது. இத்தனை வருஷம் எனக்கே தெரியவில்லை.

"ஒரு ஆப்பு வார்த்தை எல்லாம் வந்துச்சான்னு மட்டும் பாக்குது. இன்னொண்ணு தடங்கலில்லாம வந்துச்சான்னும் பாக்குது. நீ ரெண்டு தபா சொன்னா திக்கறேன்னு மார்க்க கொறைக்குது. ஒவ்வொரு ஆப்புக்காரனும் வேற வேற ஆளுங்க பேசனத வச்சி மெஷினுக்குக் கத்துக் குடுத்துக்கீறான்."

"அப்ப எது கரெக்ட்டு?"

"ரெண்டுமே பரீட்ச வெக்கறவன் மெஷின் இல்லப்பா."

இதைச் சொல்லிவிட்டு என் வடையையும் சாப்பிட்டான்.

ஜூன் 15

இரண்டாவது ஆப்பில் ஐம்பத்தாறு. போனைக் கட்டிலில் எறிந்தேன். போடா, போடா என்றேன். அதுவும் இரண்டு தடவை.

ஜூலை 5, சனி

சென்னையில் தேர்வு. ஒரே அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் அவரவர் மைக்கில் பேசினார்கள். அந்த இரைச்சல் காதில் விழுந்ததும் பிரஸ் ஷாப்பில் நிற்பதுபோல் வாய் தானாகத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கினேன். எவ்வளவு அடங்கியதோ.

ஜூலை 7

அறுபத்திரண்டு. இரண்டு ஆப்பும் சொன்னது இல்லை. மூன்று மார்க் குறைவு. மூன்றே மூன்று.

ஜூலை 8

அவளிடம் சொன்னேன்.

"ரெண்டு ஆப்பையும் தூக்கிப் போடு. தெனம் காலைல என்கிட்ட பேசு. இங்கிலீஷ்ல. நான் மார்க் போடறேன்."

பெண்டாட்டியிடம் இங்கிலீஷா? நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. ஆனால் தினமும் பேசலாம் என்கிறாளே.

ஜூலை 12

தினம் ஒரு தலைப்பு தருகிறாள். வானிலை, சாலை விதிகள், பிடித்த பழம். தப்பு செய்தால் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

ஜூலை 20, ஞாயிறு

ஆகஸ்ட் தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டேன்.

இன்று அவள் கொடுத்த தலைப்பு, உன் வீடு. இரண்டு அறை, ஒரு ஜன்னல், எதிரில் தண்ணீர் டேங்க் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அதன்பிறகு என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை, தானாக வந்தது. ஷிஃப்ட் முடிந்தால் கம்பெனி பஸ்ஸிலிருந்து முன்னாலேயே இறங்கி நடந்து வருகிறேன், வீட்டுக்குச் சீக்கிரம் வரப் பிடிக்கவில்லை, கதவைத் திறந்தால் நீ இல்லை என்றேன். தமிழில் இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வாய் வந்திருக்காது.

"மார்க் போடு" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் தமிழில் சொன்னாள்.

"எனக்கும் அப்டித்தான்யா கீது."