பிளவின் இடப்பக்கம்

நான்காம் நிலையம், யூரோப்பா, வியாழனின் நிலவு. நாள் 212, காலை 6.00

எழுதுவது அருணகிரி, நிலப்பட அலுவலர். நிலையத்தில் நான் ஒருவன்தான். வெப்பம் சீர். காற்று சீர். காபித்தூள் தீர்ந்துவிட்டது. இதைக் கண்டெடுப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அதுதான்.

நேற்றைய கதிர்வீச்சுப் புயல் ஆண்டெனாவைப் பொசுக்கிவிட்டது. மற்றவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது யாருக்கும் கேட்காது. கல்யாணமானவனுக்கு இது பழகிய நிலைமைதான். மிச்சம் இருப்பது ஒரு சிக்னல் கம்பம். மணிக்கு ஒருமுறை அது என் நிலப்படத்தை மட்டும் வண்டிகளுக்கு அனுப்பும். குரலை அனுப்பாது.

நாள் 212, காலை 9.20

பனியைத் துளைக்கும் முகாமைக் காலி செய்துகொண்டு இங்கே வருகிறார்கள். இரண்டு வண்டி, நான்கு பேர். முன்வண்டியில் மரியபுஷ்பம். தூத்துக்குடிக்காரி, வாராவாரம் முகாமுக்குப் போய் வருபவள், இந்தப் பனியில் அவளைப்போல் ஓட்ட ஆள் கிடையாது. பின்வண்டியில் ஞானதிரவியம். புயலுக்குப் பயந்து ஜன்னல்களைத் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள். போகும் திசையை ஓட்டுபவர் சொன்னால் போதும், வண்டிகள் என் படத்தைப் பார்த்துத் தாமாகவே ஓடும். பச்சையில் ஓடும், சிவப்பில் நுழையாது.

வழி நெடுக ஒரு பிளவு, அதைக் கடக்க ஒரே ஒரு பனிப்பாலம். அதன் ஒரு பக்கம் கெட்டிப் பனி. மறுபக்கம் மேலே மட்டும் பனி, உள்ளே வெறும் பொள்ளல். இரண்டு பக்கமும் சிவப்படித்தால் வண்டி ஓடப் பாதையே இருக்காது. அதனால் ஒருபக்கப் பட்டை. பிளவைக் கோடாக வரைந்து, ஒரு பக்கம் மட்டும் இருநூறு மீட்டருக்குச் சிவப்பு அடிக்க வேண்டும். மென்பொருளுக்கு வடக்கும் தெரியாது, தெற்கும் தெரியாது. கோட்டின் முதல் முனையில் நின்று கடைசி முனையைப் பார்க்கும். கூட்டல் எண் என்றால் அதன் இடப்பக்கம், கழித்தல் எண் என்றால் வலப்பக்கம்.

பிளவை அளந்தவள் புஷ்பம்தான், போன வாரம். அவள் அளந்த புள்ளிகளின் நேரக்குறிப்பு புயலில் அழிந்துவிட்டது, எந்த முனையில் தொடங்கினாள் என்று தெரியவில்லை. அன்றைய குரல்பதிவைப் போட்டுக் கேட்டேன்.

"வாரேன் அண்ணாச்சி. விரிசலுக்கு எடப்பக்கம் பூரா உள்ள பொள்ளலா கெடக்கு, குறிச்சுக்கிடுங்க."

வருகிறாள். அப்படியென்றால் முகாமிலிருந்து நிலையம் நோக்கி. கோட்டை அப்படியே வரைந்தேன். கூட்டல் இருநூறு. படம் பத்து மணிக்குப் போய்விடும்.

நாள் 212, மதியம் 1.40

புஷ்பம் பேசினாள். "அண்ணாச்சி, பனிப்பாலம் தாண்டி அந்தாண்ட பக்கம் வந்துட்டோம். நான் போனப்ப இந்தப் பக்கம்லா பொள்ளலா இருந்துச்சு. வியாழன் இழுக்குற இழுப்புல மாறியிருக்கும்போல. நீங்க பாத்துத்தான் போட்டிருப்பிய."

நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

'போனப்ப' என்றாள். அன்றைக்கு அவள் இங்கிருந்து முகாமுக்குப் போகிற வழியில் அளந்துவிட்டு விடைபெற்றிருக்கிறாள். கிளம்பும்போது நம்மில் யார் 'போறேன்' என்று வாயெடுத்துச் சொல்கிறோம்? வீட்டை விட்டு, ஊரை விட்டு, பூமியையே விட்டுக் கிளம்பினபோதும் நான் 'வர்றேன்' என்றுதான் சொன்னேன். அவள் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். நான் அதைத் திசை என்று எடுத்துக்கொண்டேன். முட்டாள். படித்த முட்டாள்.

கோடு தலைகீழ். கெட்டிப் பனிக்குச் சிவப்படித்து, நான்கு பேரைப் பொள்ளல் மேல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எண்ணைக் கழித்தலாக மாற்றிவிட்டேன். இரண்டு மணிக்குப் போகும். கம்பமே, சீக்கிரம்.

மதியம் 2.10

படம் போனது. இரண்டு வண்டியும் நின்றுவிட்டன.

"வண்டி தானா நின்னுட்டு அண்ணாச்சி. படம் செவப்பா இருக்கு. அசைய மாட்டேங்கு."

சிவப்புக்குள் இருக்கும் வண்டியின் என்ஜின் பூட்டிக்கொள்ளும். பாதுகாப்பு விதியாம். அவர்களைச் சரியாக அந்த மெல்லிய பனியோட்டின் மேலேயே நிறுத்திவைத்திருக்கிறேன்.

மதியம் 2.45

"கீழ பனி மொனகுது. சத்தம் கேக்குதா உங்களுக்கு?"

கேட்கிறது, புஷ்பம். கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

பட்டையை அழித்துவிட்டேன். மூன்று மணிக்கு எல்லாம் பச்சையாகும், பூட்டு திறக்கும். அவள் கெட்டிக்காரி. ஏதோ கோளாறு என்று புரிந்துகொண்டு பாலத்துக்குத் திரும்புவாள். திரும்ப வேண்டும். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

3.04

"முழுசும் பச்சையாயிட்டு. சரியாக்கிட்டிய போல. இனி நேரா விடுதேன்."

நேராக வேண்டாம். மைக்கில் கத்தினேன். செத்த மைக் என்று தெரிந்தும் கத்தினேன்.

3.11

முன்வண்டியைக் காட்டும் புள்ளி படத்தில் இல்லை.

3.25

ஞானதிரவியம் அழுகிறான். "சார், புஷ்பக்கா வண்டி உள்ள போயிருச்சு. ரேடார்ல குழி மட்டுந்தான் தெரியுது. எங்க காத்துக் குழாயும் ஒடஞ்சிருக்கு சார். குழியச் சுத்திப் போகவா? ஏதாவது காட்டுங்க."

அவனுக்கும் குழிக்கும் நடுவே ஒரு கோடு வரைந்தேன். பட்டை கோட்டுக்கு அந்தப் புறம் மட்டும், ஒரு கிலோமீட்டருக்கு. முன்னே எல்லாம் சிவப்பு, பின்னே பாலம் வரை பச்சை. திரும்பிப் போவதைத் தவிர அவன் வண்டிக்கு வேறு வழி இருக்காது. கூட்டலா கழித்தலா? ஒன்றாம் வகுப்புப் பையன்போலக் கையைத் தூக்கிப் பார்த்தேன். சாப்பிடுகிற கை வலது. கோடு போகும் பக்கம் திரும்பி நின்று பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். கழித்தல்தான். சரி.

கம்பத்தின் வரிசையில் நிற்கிறது. நான்கு மணிக்குப் போகும். அதற்கு முன்னால் அனுப்ப ஒரு பொத்தானும் இல்லை.

நில் தம்பி. கொஞ்சம் நில்.

3.52

"சார், இனி நிக்க முடியாது. மூச்சு முட்டுது. நீங்க பச்சையத்தான் காட்டுறீங்க, அத நம்பிக் கெளம்புறோம். ரொம்ப நன்றி சார்."

4.00

படம் போனது. பட்டை சரியான பக்கத்தில் இருக்கிறது.

படத்தைப் பெற்ற வண்டிகள்: இல்லை