இடது கைக்கு எட்டிய வெந்நீர்

அண்ணி,

போன வாரம் பாய் வந்து நம் குளியலறைச் சுவரிலிருந்து பழைய ஹீட்டரைக் கழற்றிக் கீழே வைத்தார். மூடியைத் திறந்ததும் உள்ளே ஒரே வெள்ளை. நம் போர்த் தண்ணீரின் உப்பு இத்தனை வருடமாகப் படிந்து, சூடேற்றும் கம்பியே கண்ணுக்குத் தெரியாதபடி இறுகிப்போயிருந்தது. கருகின ரப்பர் வாசனை வீடு முழுக்கப் பரவியது. எனக்கோ அந்தக் கருகலுக்கு நடுவே உங்கள் சந்தன சோப்பின் வாசனை வருகிற மாதிரி இருந்தது.

"இது இனிமே ஆகாதும்மா. புதுசு போட்டுடுங்க" என்றார் பாய். லெப்பைக்குடிக்காட்டுக்காரர், சவுதியில் பல வருடம் வயரிங் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். உங்களுக்காக இதை மாட்டியவரும் அவர்தான். கழற்றிய பெட்டியைத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு ஓரமாக வைத்தார்.

உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, உடையார்பாளையத்து முந்திரித் தோப்பைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர் நீங்கள். உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நான் உங்கள் குரலுக்குப் பயந்தேன். உங்கள் தம்பியே உங்களிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவரைப் பக்கவாதம் ஒரு காலையில் சாய்த்துப் போட்டது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பெரம்பலூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

முதலில் நான்தான் உங்களைக் குளிப்பாட்டினேன். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கண்களை இறுக மூடிக்கொள்வீர்கள். சோப்பு எரிகிறது என்று நினைத்தேன். சோப்புப் போடாத நாளிலும் கண் மூடியே இருந்தது. பிறகு, "இன்னைக்கு வேணாம் புள்ள, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடத் தொடங்கினீர்கள். மறுநாளும் அதையே சொன்னீர்கள். அதற்கடுத்த நாள் நான் வெந்நீர் வாளியோடு வந்து நின்றபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள்.

"நீ நல்லாத்தான் செய்யிற. ஆனா எனக்கு வெக்கமா இருக்கு புள்ள."

வெட்கம் என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். வாளியை அப்படியே கீழே வைத்தேன். பச்சைத் தண்ணீர் உங்களுக்கு ஆகாது. இடது கையால் வெந்நீரை விளாவவோ, செம்பைத் தூக்கித் தலையில் ஊற்றவோ முடியாது. அப்போதுதான் திருச்சியில் என் சொந்தக்காரர் வீட்டில் பார்த்த கை ஷவர் ஞாபகம் வந்தது. ஹீட்டரிலிருந்து சூடாக வரும் தண்ணீரை ஒரு குழாயோடு கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே குளிக்கலாம்.

உங்கள் தம்பிக்கு அது பிடிபடவில்லை. "வெந்நீ வச்சுக் குடுக்க நீ இருக்கப்ப, செவத்தைக் குடைஞ்சு இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

"நான் இருக்கிறதுதாங்க அவங்களுக்குக் கஷ்டம்" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "அக்காவையும் கூட்டிக்கிட்டே போவோம்" என்றார்.

கடையில் விற்பனைக்காரர் உங்கள் தம்பியைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். எத்தனை லிட்டர், எத்தனை வருட வாரண்டி என்று அடுக்கினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீங்கள், வாய் கோணியிருந்தாலும் பழைய அதட்டல் குறையாமல் கூப்பிட்டீர்கள்.

"தம்பி, குளிக்கப் போறது நான். எனக்குச் சொல்லுங்க."

அந்த மனிதர் பாவம், பெட்டிகளை ஒவ்வொன்றாக உங்கள் மடிக்குக் கொண்டுவந்தார். ஹீட்டரை விட அதோடு வரும் குழாய்களில்தான் உங்கள் கவனமெல்லாம் இருந்தது. ஒவ்வொரு திருகையும் இடது கையால் திருகிப் பார்த்தீர்கள். "இது ஈரக் கையில வழுக்கும். இது இறுக்கமா இருக்கு. வேற காட்டுங்க." கடைசியில், தூக்கினால் திறந்து அழுத்தினால் நிற்கிற நீளக் கைப்பிடி ஒன்று கிடைத்தது. அதை ஒரு விரலால் தூக்கினீர்கள். "இதைக் கட்டச் சொல்லு" என்றபோது உங்கள் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு தெளிவு.

பாய் வந்து பார்த்துவிட்டு, விளக்குக்குப் போகும் வயரில் ஹீட்டரைக் கொடுக்கக் கூடாது, தடித்த வயரில் தனி லைன் இழுக்க வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும், சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்றார். வீடெல்லாம் சிமெண்டுத் தூசி. பிறகு கைப்பிடியை எந்த உயரத்தில் வைப்பது என்ற பேச்சு வந்தது. நீங்கள் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து, "இந்தா, இங்க" என்றீர்கள். உங்கள் விரல்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார் அவர்.

எல்லாம் முடிந்த பிறகுதான் தாழ்ப்பாள் சண்டை வந்தது. உள்ளே விழுந்துவிட்டால் என்ன செய்வது, தாழ்ப்பாள் போடக் கூடாது என்றார் உங்கள் தம்பி. "தாப்பா போடாம குளிக்கிறதுக்கு அவளே குளிப்பாட்டிடலாமே" என்றீர்கள் நீங்கள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் நீங்களே ஒரு வழி சொன்னீர்கள்.

"நான் பேசிக்கிட்டே குளிக்கிறேன். பேச்சு நின்னா கதவை ஒடைச்சுக்கங்க."

அதுதான் ஒப்பந்தம் ஆனது. தினமும் காலையில் நீங்கள் உள்ளே, நான் வெளியே கதவோரம் முறம் அரிசியோ கீரையோ வைத்துக்கொண்டு. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே உங்கள் குரல் வரும். முதலில் தோப்புக் கணக்குப்பிள்ளையைத் திட்டினீர்கள். அப்புறம் திருமானூரில் நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தைச் சொன்னீர்கள், கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த வருடத்தைச் சொன்னீர்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததெல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. கல்யாணமான புதிதில் பிறந்து, பேர் வைக்கும் முன்பே போய்விட்ட பெண் குழந்தையைப் பற்றி ஒரு நாள் சொன்னீர்கள். இந்தக் குடும்பத்துக்கு நான் வந்து அத்தனை வருடம் ஆகியும் அப்படி ஒரு குழந்தை இருந்தது எனக்குத் தெரியாது.

சொல்லி முடித்ததும் பேச்சு நின்றுபோனது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. "அண்ணி! அண்ணி!" என்று கதவை அடித்தேன்.

"இருக்கேன் புள்ள" என்று குரல் வந்தது. "சும்மா நனைஞ்சுக்கிட்டு இருக்கேன். கொஞ்ச நேரம் விடு."

விட்டேன். அன்றைக்கு நீங்கள் வெளியே வந்ததும், நனைந்த முடியைத் துவட்டிக்கொண்டே என்னிடம்தான் முதலில் சொன்னீர்கள். "நான் ஊருக்குப் போறேன்."

உங்கள் தம்பி கொதித்தார். "வச்சுக்க முடியாம அக்காவை அனுப்பிட்டான்னு ஊரே பேசும்" என்றார்.

"பேசுறவங்க என்கிட்ட வந்து பேசட்டும்டா. தானா குளிச்சுக்கிறவ தானா இருந்துக்க மாட்டாளா?"

எனக்கும் கோபம் வந்தது, அண்ணி. உங்களுக்காகவே மாட்டிய ஹீட்டர் உங்களை எங்களிடமிருந்து கொண்டுபோய்விட்டதே என்று. பாயை முன்னால் அனுப்பி அங்கேயும் இதே மாதிரி ஒன்றை மாட்டச் செய்தீர்கள். கார் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்து, தம்பியோடு பஸ்ஸில் அரியலூர் போய், அங்கிருந்து வேறு பஸ் மாறி உடையார்பாளையம் போனீர்கள். மறுநாள் காலை கதவோரம் கீரையோடு உட்கார்ந்தேன். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உங்கள் பேச்சுதான் சரியானது. கோலை ஊன்றித் தோப்புக்குப் போனீர்கள், முந்திரிக்கொட்டை பொறுக்குகிறவர்களை மறுபடி விரட்டினீர்கள். நாலைந்து வருடம் உங்கள் வீட்டில் உங்கள் இஷ்டப்படி இருந்தீர்கள். ஒரு பங்குனிக் காலையில், குளித்துப் புடவை மாற்றி, ஈரத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனீர்கள். காப்பி கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண், நீங்கள் தலை காயவைக்கிறீர்கள் என்று நினைத்து முதலில் கூப்பிடவே இல்லையாம்.

இப்போது எங்களுக்கு வயதாகிவிட்டது. எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. உங்கள் தம்பிக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. சென்னையிலிருந்து பையன் போன் செய்யும்போதெல்லாம் அங்கே வந்துவிடச் சொல்கிறான். நல்ல பிள்ளைதான், அன்பாகத்தான் கூப்பிடுகிறான். ஹீட்டர் போய்விட்டது என்றதும், "எதுக்கும்மா புதுசு? தை முடிஞ்சதும் இங்க வந்துடப் போறீங்க. அதுவரைக்கும் அடுப்புல வச்சுக்க" என்றான். உங்கள் தம்பியின் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சில நாள் அடுப்பில்தான் வெந்நீர் வைத்தோம். குண்டானை இறக்கும்போது அவர் கை நடுங்குவதை நானும், நான் நொண்டுவதை அவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சாயங்காலம், "சும்மா விலை கேட்டுட்டு வருவோம்" என்று கிளம்பினோம். கடையில் எண் ஒளிர்கிறது, செல்போனில் போட்டால் சூடாகிறது என்று என்னென்னவோ காட்டினார்கள். நான் சாதாரணமானதாக, மலிவாக ஒன்றைக் கை காட்டினேன். தைக்குப் பிறகு யார் குளிக்கப்போகிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

உங்கள் தம்பி தலையை ஆட்டினார். "அது வேணாம். உப்புத் தண்ணி தாங்குறதா கேளு. பல வருஷம் ஓடணும்."

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் நடக்காத மாதிரி வாரண்டி அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்.

புது ஹீட்டரைப் பாய் முந்தாநாள் மாட்டினார். வருடத்துக்கு ஒரு தடவை உப்பைச் சுரண்டிவிட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் போனதும் பையனுக்கு நானே போன் செய்தேன்.

"தைக்கு வரோம்பா. பத்து நாள் நல்லா இருந்துட்டு, எங்க வூட்டுக்கு வந்துடுறோம்."

"விழுந்து கிழுந்து வச்சா யாரும்மா பாக்குறது?"

"விழுந்தா உன்னைக் கூப்பிடுறோம். விழாதப்ப இங்க இருந்துக்கிறோம்."

சத்தம் போட்டான். அப்பாவிடம் போனைக் கொடு என்றான். அப்பா தோட்டத்துக் குழாயடியில் என்னவோ வேலையாக இருப்பதாகச் சைகை காட்டினார். அதையே பையனிடம் சொன்னேன். அப்புறம் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்னம்மா, அத்தை மாதிரியே பேசுற?"

உங்கள் குரலுக்குப் பயந்துகொண்டே இந்த வீட்டுக்குள் வந்தவள் நான். என்னை உங்களோடு சேர்த்து இதுவரை ஒருவரும் சொன்னதில்லை, அண்ணி. அதைக் கேட்டதிலிருந்து, நொண்டிக் காலோடுதான் என்றாலும், தலையைக் கொஞ்சம் நிமிர்த்தியே நடமாடுகிறேன்.