வெள்ளைத் தலைத்துணி

9 ஓகஸ்ட் 1976, திங்கள்

பழைய படம் விற்கிற எங்கள் கடை முதலாளி பெம்பர் இன்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். நோர்வேக் கிராமத்து உடுப்புகள். நூறு வருடத்துக்கு முந்திய அச்சுப்படங்கள், முப்பத்தெட்டு. எவனோ பிரேமுக்கு அளவாக அடிஓரத்தை வெட்டியிருக்கிறான். பெயர்களும் அதோடு போய்விட்டன. எந்த ஊர், என்ன ஆள் என்று கண்டுபிடித்து அட்டையில் பென்சிலால் எழுத வேண்டுமாம். "உங்கள் ஆட்களுக்கு இந்த மாதிரி உடுப்பெல்லாம் நன்றாகத் தெரியுமே" என்கிறார். நோர்வே எங்கே, என் ஊர் உரும்பிராய் எங்கே?

எனக்கு வேண்டியது அவருடைய கடிதம். இந்தப் பெண் கடைக்குத் தேவை என்று நாலு வரி. அது இல்லாவிட்டால் செப்ரெம்பர் முப்பதோடு விசா முடிகிறது; பிறகு உரும்பிராய்தான். கேட்டேன். "அடுத்த கிழமை, லவ்." எந்தப் பெண்ணைக் கூப்பிட்டாலும் அவருக்கு லவ்தான்.

இது மூன்றாவது அடுத்த கிழமை.

11 ஓகஸ்ட்

மாநில நூலகத்தில் ஒரு நோர்வேப் புத்தகம். ஒரு சொல்லும் விளங்கவில்லை, படங்கள் விளங்கின. காற்சட்டை நெஞ்சுவரை ஏறிப் பின்பக்கம் தோல் தைத்திருந்தால் செட்டஸ்டால் ஆண். சிவப்பு மேற்சட்டை, மணி கோத்த நெஞ்சுத்துணி, வெள்ளை ஏப்ரன் என்றால் ஹார்டாங்கர் பெண். பன்னிரண்டு முடித்தேன். இந்த வேலை எனக்கு வருகிறது. பல்கலைக்கழகம் போயிருக்க வேண்டியவள். தரப்படுத்தல் என்று சொல்லி நாலு புள்ளியால் வெளியே தள்ளினார்கள். நான் எந்த மொழியில் எழுதினேன் என்பதற்காக.

15 ஓகஸ்ட், ஞாயிறு

ஆறு படம் பிடிபடவில்லை. உடுப்பு ஹார்டாங்கர்தான், ஆனால் தலையை மூடி, மடிப்பு மடிப்பாய்க் கஞ்சி போட்ட வெள்ளைத் துணி. தாளில் கீறி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தார். "பாவம், புருசன் செத்ததுகள் போல."

அண்ணாவுக்குச் சிரிப்பு. "வெள்ளைக்காரிச்சியளுக்குப் பேர் வைக்கிறதுக்கோ பிளேன் ஏறி வந்தனீ? காதுகுத்து எப்ப, யோகா?"

தலையில் வெள்ளை. வேறு என்னவாக இருக்க முடியும்?

16 ஓகஸ்ட்

ஆறிலும் எழுதினேன்: ஹார்டாங்கர், விதவை. வாடிக்கையாளர்களுக்கு விற்பனைப் பட்டியலும் தபாலில் போய்விட்டது.

27 ஓகஸ்ட், வெள்ளி

மிஸிஸ் ஓஸ்லண்ட் என்ற நோர்வேக்காரி பட்டியலோடு வந்தார். எழுபது வயதிருக்கும். "விதவை என்று எழுதியது யார்?"

"நான்."

சிரிப்பை அடக்க அவருக்கு நேரமெடுத்தது. கல்யாணத்துக்கு அடுத்த நாள் காலை கட்டுகிற துணியாம் அது. மணப்பெண்ணுக்கு வெள்ளிக் கிரீடம், மனைவிக்கு இந்தத் துணி. "என் அம்மா இதைக் கட்டிக்கொண்டு பதினொரு பிள்ளை பெற்றாள்."

எங்கள் ஊரில் புருசன் செத்தால்தான் வெள்ளை என்றேன். சிரிப்பு நின்றது.

"பெண்சாதி செத்தால் ஆணுக்கு?"

"ஒன்றுமில்லை."

"கல்யாணமானால் எங்கள் ஆண்களுக்கும் ஒன்றுமில்லை" என்றார்.

அவர் போன பிறகு பெம்பர் குதித்தார். வாடிக்கையாளர் முன்னால் மானம் போச்சாம். சரி, திருத்துகிறேன், மனைவி என்று எழுதுகிறேன் என்றேன். "மனைவியை யார் வாங்குவான்? மணப்பெண் என்று போடு."

"கிரீடம் இல்லையே."

"அது யாருக்குத் தெரியும்?"

"அந்த அம்மாவுக்குத் தெரியும்."

"அவள் ஒருத்திதானே, லவ்." மேசை இலாச்சியைத் திறந்து காட்டினார். என் கடிதம், தட்டச்சு செய்தபடி. கையெழுத்து மட்டும் இல்லை.

தெரியாமல் எழுதினதுக்குப் பேச்சு விழுந்தது. இப்ப தெரிஞ்சுகொண்டு எழுதட்டாம். என்ன நியாயம் இது?

30 ஓகஸ்ட்

நான் எழுதவில்லை. அவரும் கையெழுத்து வைக்கவில்லை.

1 செப்ரெம்பர்

அண்ணாவிடம் சொன்னேன். "எழுதிப்போட்டு விடன்."

"பொய், அண்ணா."

"ஓம், பொய்தான்." செவன் ஹில்ஸ் தொழிற்சாலைச் சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டார். நெஞ்சில் 'ராஜ், ஸ்டோர்ஸ்' என்று தைத்திருந்தது. "நான் வரதராஜா. ஊரில நான் எஞ்சினியர், இங்க ஸ்டோர்ஸில சாமான் எடுத்துக் குடுக்கிறன். நாலு வருசமா இதைப் போடுறன், சட்டை எரிஞ்சு போச்சோ?"

சட்டையை மடித்துக் கதிரையில் வைத்தேன். தான் சொன்னது அவருக்கே பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். சாப்பிடாமல் எழும்பிப் போனார்.

3 செப்ரெம்பர், வெள்ளி

அழித்துவிட்டு எழுதினேன். ஹார்டாங்கர், மணப்பெண். ஆறு தரம். பெம்பர் என் கண் முன்னால் கையெழுத்து வைத்தார்.

21 செப்ரெம்பர்

மிஸிஸ் ஓஸ்லண்ட் வந்தார். ஆறு அட்டையையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். யார் எழுதியது என்று இந்த முறை கேட்கவில்லை. நான் பொதி சுற்றும் தாளை மடித்துக்கொண்டிருந்தேன் — மடித்ததையே திரும்ப மடித்தேன்.

"அழகான எழுத்து" என்றார். ஒன்றும் வாங்காமல் போனார்.

1 ஒக்ரோபர், வெள்ளி

நேற்றுப் பின்னேரம் விசா வந்துவிட்டது. ஒரு வருடம், இந்தக் கடையில் இருக்கும்வரை. அண்ணி காலையிலேயே பாயசம் காய்ச்சினார். அண்ணா இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். மணப்பெண்கள் ஆறு பேரும் விற்றுப்போனார்கள்.

மத்தியானம் பெம்பர் சுவீடன் பெட்டி ஒன்றைத் திறந்தார். முதல் படத்தில் ஒரு கிழவி ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் தேட நான் நினைக்கவில்லை.

"என்ன எழுத?" என்று பெம்பரிடம் கேட்டேன்.