விரல் மடங்கவில்லை என்று அக்கா சொன்னது

என் அலமேலு அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. களைப்பாக இருக்கிறது அக்கா, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் கால் மரத்துப்போக ஆரம்பித்தது.

கள்ளக்குறிச்சியில் எடுத்த ஸ்கேனில் உனக்கு வந்த அதே வார்த்தைகள். இடுப்பில் நரம்பு போகும் வழி குறுகிவிட்டதாம். பஸ்ஸில் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே வந்ததில் கச்சிராயபாளையத்தில் இறங்க மறந்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு நடந்ததுதான் எனக்கும் என்று முடிவே செய்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து நரம்பு டாக்டரம்மா ஒருவரிடம் போனேன். ஸ்கேனை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொன்னார். அதிரும் கம்பி ஒன்றைக் கால் கட்டைவிரலில் வைத்தார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கையைப் பார்த்தார், நாக்கைக்கூட நீட்டச் சொன்னார். பிறகு ரத்தம் எடுத்தார்கள், நரம்பில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள்.

"குறுகல் இருக்கு. ஆனா பாதம் எரியறதும் மரத்துப்போறதும் அதால இல்லைங்க. சுகர் நரம்பைக் கெடுத்திருக்கு. ரெண்டும் சேர்ந்து இருக்கு. இப்ப ஆபரேஷன் வேணாம்" என்றார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வாயில் வந்ததோ உன் கதை. கால் பலம் குறைந்தது, இடுப்பில் ஆபரேஷன் செய்தது, அதன் பிறகும் கையும் காலும் சூம்பிப்போனது, தசையை இயக்கும் நரம்புகளே செத்துக்கொண்டு வரும் நோய் என்று கடைசியில் வெளியூரில் சொன்னது, எல்லாம் சொன்னேன்.

"இடுப்புல குறுகினா கை மெலியாதுங்க. கைக்கு எப்ப வந்துச்சு? ஆபரேஷனுக்கு முன்னாடியா?"



ஆபரேஷனுக்கு முந்தின வாரமே நீ சொன்னாய். "காலு மட்டும் இல்லடா தம்பி. சோறு பெசஞ்சா வெரலு மடங்க மாட்டேங்குது. டாக்டராண்ட சொல்லு." நான் என்ன சொன்னேன்? "இடுப்பு சரியானா எல்லாம் சரியாப் பூடும், நீ சும்மா இரு." டாக்டர் அறையில் உனக்காகப் பேசியவன் நான்தான். விரலைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஸ்கேனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்தேன்.

"தெரிஞ்சிருந்தா பொழைச்சிருப்பாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. அந்த நோய்க்கு அவ்வளவு வைத்தியம் கிடையாது. ஆபரேஷன் வேணுமான்னு யோசிச்சிருப்பாங்க."

நீ நடமாடியிருக்கக்கூடிய மாதங்களை முதுகில் தையலோடு படுத்துக் கழித்தாய். அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

மாமா இன்னும் உனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரைத்தான் திட்டுகிறார். "கத்தி வச்சிதான் அவள சாவடிச்சான்" என்பார். நானும் இத்தனை நாள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வடக்கனந்தலுக்கு, உன் வீட்டுக்குப் போகிறேன். நீ சொன்னதையும் நான் மறைத்ததையும் மாமாவிடம் சொல்வேன். வாசலிலேயே நிற்கவைத்தாலும், சொல்லி முடிக்காமல் திரும்ப மாட்டேன் அக்கா.

உன் பேச்சைக் கேட்காத தம்பி,
ஏழுமலை