கண்ணை மூடிய கிட்டார்க்காரன்

அன்பு எர்லீன்,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிகாகோ மேடையில் டிரம் அடித்தபடியே கொட்டாவி விட்டேன். உன் இடுப்பு வலி தேவலையா?

எங்கள் குழுவில் பாட்டின் நடுவே தனியாக வாசிப்பவன் முடித்துத் தலையசைத்தால்தான் பாடகன் மறுபடி பாடலாம். எங்கள் இசைத்தட்டு விற்கத் தொடங்கியதும் கிட்டார்க்கார வெர்னெல் கண்ணை மூடியே வாசிக்கிறான். அன்றும் அப்படித்தான்; பாடகன் ரூஃபஸ் இருபது நிமிடம் நின்று பார்த்தான்.

"அண்ணே, அவன் முழிச்சா நான் போயிட்டேன்னு சொல்லிடு. இனிமே வரமாட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டான்.

ஒருவழியாகக் கண் திறந்த வெர்னெல், "எங்கண்ணே அவன்?" என்றான்.

"நம்ம வேனை எடுத்துக்கிட்டு ஊர் எல்லையத் தாண்டியிருப்பான் ராசா."

எட்டு வருஷம் ஒரே போர்வைக்குள் தூங்கியவர்கள், பேர் வந்ததும் ஏன் பிரிகிறார்கள்? தெரிந்தால் எழுது. குழு கலைந்தாலும் வேலை கிடைத்துவிடும், கவலைப்படாதே. கம்பளிக் காலுறை அனுப்பு. கூடவே பெரிய கடிதமாக எழுது. தபால்காரர் வந்துவிட்டார்.

ரூஃபஸ் கொண்டுபோன வேனில்தான் என் பல் செட்டு இருந்தது. மூன்று வேளையும் சூப் குடிக்கிறேன்.

உன் க்ளீவஸ்